பக்கம் நிரப்ப எழுதியது

வந்திருந்தவர்கள்:

முனைவர் இனியவன், ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். குழுத் தலைவர்.

பிரசன்னா, தரக்கட்டுப்பாட்டு மேலாளர்.

சசிரேகா, கம்பெனியின் சமூக நலப் பிரிவு அதிகாரி.

யாக்கோபு, முன்னாள் மனைத் தரகர். 'நாவத்தாங்கல் பெருவரலாறு' நூலின் ஆசிரியர். பொய்யர் என்று நிரூபிக்கப்பட்டவர்.

கோவிந்தம்மா, ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. மனு கொடுத்தவர்.

மேற்படி நூல், ஒரு பிரதி.

குறிப்பெடுக்க நான்.

'வராதவர்கள்' என்று ஒரு தலைப்பும் உண்டு. அதன்கீழ் எழுத ஒருவர் இருந்தார். பெயர் இல்லாததால் விட்டுவிட்டேன்.

நான் அந்தக் கம்பெனி ஆள் இல்லை. பக்கத்துக் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்த்து, உடம்பு ஒத்துக்கொள்ளாமல் நின்றவன். தமிழில் பிழையில்லாமல் எழுதுவேன் என்று யாரோ சொல்லி ஒரு நாள் கூலிக்குக் கூப்பிட்டார்கள். சொன்னதை எழுத வேண்டும், சொல்லாததை எழுதக் கூடாது. அதுதான் வேலை.

விஷயம் இதுதான். வல்லம் வடகால் பக்கம் நாவத்தாங்கல் என்று ஓர் ஊர் இருந்தது. இப்போது அதன் ஒரு பாதியில் கார்க் கதவுக்கு பிராக்கெட் செய்யும் இந்தக் கம்பெனி நிற்கிறது. மறு பாதியில் இன்னொரு கம்பெனியின் பஸ்கள் நிற்கின்றன. கம்பெனியின் பின்மூலையில் ஏரிக்கரை இருந்த இடத்தில் ரிஜெக்ட் யார்டு. கம்பிவலை, தகரக் கூரை, இரும்புக் கதவு, பூட்டு. கெட்டுப்போன பீஸ் ஒன்று தப்பித் தவறி நல்ல பீஸோடு கலந்து வண்டியில் ஏறிவிடக் கூடாதென்று இந்த ஏற்பாடு. ரிஜெக்ட் ஆன பொருளைக் கொண்டுவருபவரைத் தவிர யாரும் அந்தக் கதவைத் தாண்ட முடியாது.

அந்த யார்டை இடித்துவிட்டு, இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப் கட்டப் போகிறார்கள். திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்ட மெஷின் வருகிறது.

கோவிந்தம்மாவின் பெண் குழந்தை அங்கேதான் இருக்கிறது. பெயர் வைக்கும் முன்பே செத்துப்போய், ஏரிக்கரைச் சரிவில் புதைக்கப்பட்ட குழந்தை. ஊர் இருந்தபோது நடந்தது. வீட்டில் பிறந்து வீட்டிலேயே போனதால் பிறப்பும் பதிவாகவில்லை, இறப்பும் பதிவாகவில்லை. கோவிந்தம்மாவுக்கு ஆபீஸ் கட்டடத்தில் டூட்டி. மாடியில் கழிவறை கழுவும்போது ஜன்னல் வழியாக ரிஜெக்ட் யார்டின் கூரை தெரியும். இத்தனை வருடமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் கழுவியிருக்கிறார். அந்த இடத்தைத் தோண்ட வேண்டாம், தோண்டித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் என் பிள்ளையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்பதுதான் மனு.

கம்பெனி மறுக்கவில்லை. ஆதாரம் கேட்டது.

இருந்தது ஒரே ஓர் ஆதாரம். யாக்கோபு எழுதிய புத்தகத்தின் நாற்பத்தாறாம் பக்கம். அந்தப் பிள்ளை இந்த உலகத்தில் இருந்ததற்கு எழுத்தில் இருப்பது அந்தப் பக்கம் மட்டும்தான். ஆனால் புத்தகம் பொய் என்று ஊர் சிரித்து மூன்று வருடம் ஆகிறது. ஆகவே புத்தகத்தை எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள்.

அன்றைய நாளின் போக்கு கேட்டிலேயே முடிவாகிவிட்டது. யாக்கோபுவின் கையில் புத்தகம் இருந்தது. வருபவர் கொண்டுவரலாம் என்று செக்யூரிட்டியின் பட்டியலில் இருந்தவை லேப்டாப், சாப்பாட்டு டப்பா, மருந்து. புத்தகம் இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டு 'மெட்டீரியல்' என்று பதிந்தார்கள். மெட்டீரியல் என்று பதிந்த எதுவும் தரப் பரிசோதனை முடியாமல் உள்ளே போக முடியாது. புத்தகத்தை எடை போட்டு, பிளாஸ்டிக் டிரேயில் வைத்து, பிரசன்னாவுக்குத் தகவல் சொன்னார்கள். யாக்கோபுவுக்கு ஹெல்மெட்டும் அளவு பெரிதான ஷூவும் கொடுத்தார்கள்.

"இன்னாப்பா, பொஸ்தகம் படிக்கிறதுக்கு தலையில டோப்பி எதுக்கு?" என்றார் யாக்கோபு.

"சேஃப்டி சார். மேல எதுனா வியும்."

"என் மேல இனிமே வியுறதுக்கு இன்னா கீது?"

கூட்டம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கியது. ஏசி குளிரில் கோவிந்தம்மா சீருடை மேல்கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார். சசிரேகா நாற்காலி காட்டினார். அது, தான் தினமும் துடைக்கும் நாற்காலி என்பதால் நுனியில் உட்கார்ந்தார்.

தலைவர் இனியவன் தொடக்கவுரை ஆற்றினார். "வரலாறு என்பது கல். கல்லில் இல்லாதது காற்றில் இல்லாதது. இந்த யாக்கோபு, பல்லவ மன்னன் யானை கட்டிய ஊர் நாவத்தாங்கல் என்று எழுதி, அதற்கொரு கல்வெட்டையும் காட்டினார். அதைப் போலி என்று உலகுக்கு அறிவித்தவன் அடியேன். பல்லவன் பொறித்த அந்தக் கல்லில் 'மூன்று ஏக்கர்' என்றிருந்தது."

"கல்லறைக்கு சிலுவ செதுக்குற பையன்கிட்ட குடுத்தேன் சார்," என்றார் யாக்கோபு. "அந்தக் காலத்து நெல அளவு, குழின்னு செதுக்குடான்னா, கஸ்டமருக்கு புரியாதுண்ணேன்னு அவனா மாத்திட்டான்."

பிரசன்னா எழுந்து ஸ்கிரீனை உயிர்ப்பித்தார். சின்ன வயது, சுத்தமான சட்டை, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத முகம். "சார், நம்ம சிஸ்டம் சிம்பிள். ஒரு லாட் வந்தா எல்லா பீஸையும் பார்க்க முடியாது. சாம்பிள் எடுப்போம். சாம்பிள்ல ஒரு பீஸ் ஃபெயில் ஆச்சுன்னா லாட்டே ரிஜெக்ட். இங்க லாட் சைஸ் நாப்பத்தெட்டுப் பக்கம்."

"நாப்பத்தெட்டுப் பக்கம்தானே," என்றார் சசிரேகா. "படிச்சே பாத்துடலாமே?"

"படிச்சா அது ஹண்ட்ரட் பர்சென்ட் இன்ஸ்பெக்ஷன் ஆயிடும் மேடம். அப்புறம் சாம்பிளிங்கு எதுக்கு இருக்கு?"

தலைவர் தலையசைத்தார். வரலாற்றியலிலும் அதுவே நெறி என்றார்.

பிரசன்னாவின் போன் எண்களைக் குலுக்கி மூன்று பக்கங்களைத் தேர்ந்தெடுத்தது.

முதலில் வந்தது அணிந்துரை. 'இந்நூலின் ஒவ்வொரு வரியும் பொன்னில் பொறிக்கத் தக்கது' என்று அதில் இருந்தது. கீழே முனைவர் இனியவன் என்று கையெழுத்து.

"அணிந்துரை என்பது வாழ்த்து," என்றார் தலைவர். "வாழ்த்தில் உண்மை தேடுவது ஆய்வு நெறி ஆகாது."

பாஸ் என்று எழுதினேன்.

இரண்டாவதாக வந்தது விளம்பரம். 'பல்லவா கார்டன், ஒரகடம் மிக அருகில், இன்றே முந்துங்கள்.' அதிலிருந்த எண்ணுக்கு பிரசன்னா போன் போட்டார். யாக்கோபுவின் சட்டைப் பையில் மணி அடித்தது.

"வெரிஃபைடு," என்றார் பிரசன்னா. பாஸ்.

மூன்றாவது, யானை கட்டிய பக்கம். ஃபெயில்.

கோவிந்தம்மா எழுந்தார். "சார், நாப்பத்தாறாம் பக்கம் பாருங்க சார்."

"அது சாம்பிள்ல வரலம்மா."

"அதுலதான் சார் என் புள்ள கீது."

"புரியுதும்மா. ஆனா ரேண்டமா எடுக்கணும். நீங்க சொல்ற பக்கத்தை எடுத்தா பயாஸ் ஆயிடும்."

ஒரு பீஸ் ஃபெயிலாகிவிட்டதால் லாட் அப்போதே விழுந்துவிட்டது. ஆனால் ரிஜெக்ட் செய்வதற்கு முன் மூல காரணம் கண்டுபிடிக்க வேண்டுமாம். ஐந்து முறை ஏன் என்று கேட்டால் எந்தத் தவறின் வேரும் கிடைத்துவிடும் என்பது அவர்களுடைய வழக்கம். பிரசன்னா போர்டில் ஐந்து கட்டம் வரைந்தார்.

"சார், ஏன் பொய் எழுதுனீங்க?"

"பிளாட் வாங்க வர்றவன் ஊர்ல இன்னா விசேசம்னு கேக்குறான். யானைன்னு சொன்னேன்."

"ஏன் பிளாட் வித்தீங்க?"

"நெலத்துல பயிர் வெக்க முடியல."

"ஏன் முடியல?"

"ஏரிக்குத் தண்ணி வர்ற வாய்க்கால அடச்சிட்டாங்க."

"ஏன் அடைச்சாங்க?"

"அதுக்கு மேல காம்பவுண்டு செவுரு வந்திச்சி."

"எந்த காம்பவுண்டு?"

யாக்கோபு ஜன்னலைப் பார்த்தார். எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். கம்பெனியின் மதில், புதுசாக வெள்ளை அடித்து, பளிச்சென்று இருந்தது.

பிரசன்னா ஐந்தாவது கட்டத்தை அழித்தார். "நாலு ஏன் போதும். ஆபரேட்டர் எரர்னு போட்டுக்கலாம்."

அப்படியே எழுதினேன்.

டீ வந்தது. டீ குடித்த தெம்பில் சசிரேகா, மனிதாபிமான அடிப்படையில் நாற்பத்தாறாம் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிடலாமே, பதிவில் சேர்க்க வேண்டாம் என்றார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். வாசிக்கும் வேலை எனக்கு வந்தது.

'மதகுக்கு வடக்கே, கரைச்சரிவில், பேர் வைக்காத பிள்ளைகளைப் புதைப்பார்கள். நாய் தோண்டாமலிருக்க மேலே உடைமுள் வெட்டிப் போடுவார்கள். கடைசியாக அங்கே வைத்தது கோவிந்தம்மாவின் பெண் குழந்தை. அந்த வருஷம் நல்ல மழை.'

அவ்வளவுதான். புத்தகத்தின் மற்ற பக்கங்களில் இருந்த பேரரசர், மாமன்னர், வெற்றி வாகை எதுவும் இந்தப் பக்கத்தில் இல்லை. வாசித்து முடித்தபோது கோவிந்தம்மாவின் உதடுகளும் அசைந்து நின்றன. அவருக்கு அது மனப்பாடம்.

"ஐயா யாக்கோபு," என்றார் தலைவர். "இப்பகுதிக்கு உமது சான்று யாது? கல்வெட்டா, செப்பேடா, ஓலையா?"

யாக்கோபு கூச்சமாகச் சிரித்தார். தன் யானையைப் பற்றிக் கேட்பார்கள் என்று தயாராக வந்தவர் அவர். "அட, அத்த போயி ஏன் சார் கேக்குறீங்க? அது சும்மா சார். பொஸ்தகம் நாப்பத்தி நாலு பக்கத்துல முடிஞ்சிடுச்சி. பிரஸ்காரன் பதினாறு பதினாறாத்தான் மடிப்பேன், நாலு பக்கம் காலியா போவும், எதுனா எழுதிக் குடுன்னான். இன்னா எழுதறதுன்னு தெரியல. ஊர்ல எது எங்க இருந்திச்சோ அத்த எழுதிக் குடுத்தேன். பக்கம் நிரப்ப எழுதனது சார் அது."

"பக்கம் நிரப்ப எழுதியது," என்று தலைவர் என் பக்கம் திரும்பி நிதானமாகத் திருப்பிச் சொன்னார். "மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள்."

எழுதினேன்.

யாக்கோபு கோவிந்தம்மாவைப் பார்த்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பெரிய ஷூ தடுக்க எழுந்தார்.

"சார், சார், அது நெஜம் சார். குழி வெட்டனதே நான்தான். அன்னிக்கி மழ. அவ வூட்டுக்காரன் லாரி ஏத்தினு ஆந்திரா பக்கம் பூட்டான். ஆம்பள யாரும் இல்ல. அவ மாமியா என் வூட்டாண்ட வந்து நின்னு, யாக்கோபு, நீ வேற கோயிலுதான், இருந்தாலும் வாப்பான்னிச்சி. நான்தான் சார் மம்முட்டி எடுத்துகினு போனேன். இந்தக் கையால வெட்டனேன் சார்."

"நூலாசிரியர் தமது நூலுக்குத் தாமே சாட்சியாக முடியாது," என்றார் தலைவர். "மேலும், சாட்சி பொய்யர் என்பது ஏற்கெனவே நிறுவப்பட்டது. என் கட்டுரையைக் காண்க."

"யானை பொய் சார். ஏக்கரு பொய். ராஜா பொய். எல்லாத்தையும் கீசிப் போட்டுடுங்க. அந்த ஒரு பக்கத்த மட்டும் வுட்டுடுங்க சார்."

"பார்ஷியல் அக்செப்டன்ஸ் கிடையாது சார்," என்றார் பிரசன்னா. அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "அப்படி விட்டா நாளைக்கு பிராக்கெட் சப்ளையர் எல்லாம் கேப்பான்."

யாக்கோபு உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

இனி மிச்சம் கோவிந்தம்மாதான். அவரைச் சாட்சியாக ஏற்கலாமா என்று சசிரேகா கேட்டார். சாட்சியும் ஓர் அளவுகருவிதான், ஏற்பதற்கு முன் அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் பிரசன்னா. ஒரே பொருளை ஒரே கருவியால் மூன்று முறை அளப்பார்கள். மூன்றும் ஒன்றாக வந்தால் கருவியை நம்பலாம். வராவிட்டால் கருவியை ஓரம் வைத்துவிட வேண்டும்.

"அம்மா, நீங்க டென்ஷன் ஆகாதீங்க. நடந்ததைச் சொல்லுங்க. மூணு வாட்டி கேப்பேன். அதே மாதிரி சொல்லணும், அவ்ளோதான்."

கோவிந்தம்மா முதல் முறை சொன்னார். "ஐப்பசி மாசம். மழ. புள்ளைக்கு ஜொரம். பாலு குடிக்கல. மத்தியானம் அடங்கிடுச்சி. மஞ்சத் துணில சுத்தி மாமியா தூக்கினு போச்சி. இவரு மம்முட்டியோட பின்னாலயே போனாரு. பொம்பள நீ வரக்கூடாதுன்னுட்டாங்க. நான் வேலியப் புடிச்சினு நின்னு பாத்தேன். முள்ளு போட்டாங்க. வந்துட்டாங்க."

"குட். இன்னொரு வாட்டி."

"ஐப்பசி மாசம். மழ. ஜொரம். மத்தியானம் அடங்கிடுச்சி. துணில சுத்தி..."

"என்ன கலர் துணிம்மா?"

"வெள்ளத் துணி சார். மஞ்சா முக்கனது. என் பொடவ தலப்புதான், கிழிச்சிக் குடுத்தேன். தூக்கினு போனாங்க. முள்ளு போட்டாங்க. அப்பால எனக்கு மார்ல பாலு நிக்கல சார். கட்டிகினு ஜொரம் வந்துடுச்சி. யாரும் இல்லாத நேரமாப் பாத்து நான் கரைக்குப் போயி, முள்ள தள்ளிட்டு அங்கயே பீச்சி வுட்டுட்டு வருவேன். மண்ணு குடிச்சிக்கும்."

சசிரேகா பேனாவைக் கீழே வைத்தார்.

"துணி கலர்ல வேரியேஷன் இருக்கு," என்றார் பிரசன்னா ஸ்கிரீனைப் பார்த்தபடி. "பால் மேட்டர் ஃபர்ஸ்ட் ரீடிங்ல இல்ல. ஓகே. லாஸ்ட் டைம், அம்மா."

கோவிந்தம்மா வாயைத் திறந்தார். திறந்தபடி இருந்தார். அப்புறம் மூடிக்கொண்டார்.

"அம்மா?"

பிரசன்னா ஸ்கிரீனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சொல்லுங்கம்மா, கடைசி வாட்டிதான்."

"ரீடிங் வரல," என்று பிரசன்னாவே எழுதிக்கொண்டார். நான் அந்த அம்மாவின் முகத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, கூட்டக் குறிப்பில் முகங்கள் இடம்பெறுவது மரபல்ல என்றார். அடித்துவிட்டேன்.

பிறகு அவர் எழுந்து தீர்ப்புரை ஆற்றினார்.

"இக்குழு எவர்மீதும் காழ்ப்புக் கொண்டதன்று. ஓர் ஏழைத் தாயின் துயரம் எம் நெஞ்சை உருக்குகிறது. ஆனால் உருகிய நெஞ்சு ஆய்வுக்கு உதவாது. பொய்யன் ஒருவன் ஓர் உண்மையைச் சொன்னால், அந்த உண்மை அவனுடைய பொய்களுக்குத் துணையாக வந்து நிற்கிறது. ஆகவே அது பொய்யைவிட ஆபத்தானது. என் நடுநிலையை எவரும் ஐயுற வேண்டாம். அன்று இந்நூலை ஒரு வரியும் படிக்காமல் பாராட்டினேன். இன்றும் ஒரு வரியும் படிக்காமலே நிராகரிக்கிறேன். என் அளவுகோல் இம்மியும் மாறவில்லை."

பிரசன்னா கைதட்டினார். பழக்கதோஷம்.

சசிரேகா இதன் பொருள் என்ன என்று கோவிந்தம்மாவுக்கு விளக்கினார். திங்கட்கிழமை வேலை தொடங்கும். மனுவை மூடியாகிவிட்டது. ஆனால் கம்பெனி அவரைக் கைவிடவில்லை. பிரஸ் ஷாப் திறந்ததும் மதிலோரம் மரக்கன்றுகள் நடுவார்கள், அதில் ஒன்றை அவர் கையால் நடலாம். போட்டோவும் எடுப்பார்கள்.

"இன்னா மரம் மேடம்?" என்றார் கோவிந்தம்மா.

"அது நர்சரியில கேக்கணும்மா."

பிரசன்னா சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து, பொருள்: நூல், குறை: பொய், முடிவு: ரிஜெக்ட் என்று எழுதி, புத்தகத்தின் முதுகில் நூலால் கட்டினார். யாக்கோபு கை நீட்டினார். "குடுங்க, நான் எடுத்துகினு பூடறேன்."

"சாரி சார். ரிஜெக்ட் ஆன மெட்டீரியல் கேட்டுக்கு வெளிய போகக் கூடாது. மறுபடியும் மார்க்கெட்டுக்கு வந்துடும். ரிஜெக்ட் யார்டுக்குத்தான் போகணும்."

அறையில் இரண்டு பேருக்கு மட்டும் அந்த வார்த்தை கேட்டது. யாக்கோபு நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

"நான் எடுத்துகினு போறேன் சார்," என்றார் கோவிந்தம்மா.

பிரசன்னா போனில் அடுத்த மீட்டிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டேங்க்ஸ்மா. டிராலியில வச்சுத் தள்ளிட்டுப் போங்க. கையில எடுக்கக் கூடாது." பொருள் போய்ச் சேர்ந்ததற்குக் கையெழுத்து வாங்கிவர என்னைக் கூட அனுப்பினார்கள்.

லைன் ஓரமாகப் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குள்ளேயே அவர் டிராலியைத் தள்ளிக்கொண்டு போனார். ஒரே ஒரு புத்தகம் வைத்த அதை, கண்ணாடி ஏற்றிய வண்டியைத் தள்ளுவது போலத் தள்ளினார். சக்கரம் பள்ளத்தில் இறங்கும் இடத்தில் நின்று, தூக்கி வைத்து, மறுபடி தள்ளினார்.

யார்டு வாசலில் செக்யூரிட்டி சந்திரம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா கோவிந்தம்மா, இந்தப் பக்கம்? உனக்கு ஆபீஸ் டூட்டி இல்ல?"

"ரிஜெக்ட் எடுத்துகினு வந்தேன்கா."

சந்திரம்மாள் சிவப்பு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். சரியாக இருந்தது. பூட்டைத் திறந்தார். "வெச்சிட்டு சட்டுனு வந்துடு. உள்ள நிக்கக் கூடாது."

நான் கதவோரம் நின்றேன். உள்ளே தரை முழுக்க சிமெண்ட். சிவப்புத் தொட்டிகளில் கோணல் பிராக்கெட்டுகள். மூலையில் கடைசல் மெஷினிலிருந்து வந்த இரும்புச் சுருள், சீவல் சீவலாக, மலையாகக் கிடந்தது. மதிலின் அடியில், பிடுங்க முடியாமல் அப்படியே வைத்துக் கட்டிவிட்ட மதகுக் கல் ஒன்று பாதி வெளியே தெரிந்தது. கோவிந்தம்மா டிராலியை விட்டுவிட்டு நேராக அந்தக் கல்லிடம் போனார். அதைத் தொட்டு, வடக்கே திரும்பி, கொஞ்ச தூரம் நடந்து நின்றார். சந்தேகப்பட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றார். பிறகு குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை சிமெண்டில் வைத்தார்.

அழவில்லை. அங்கே சிந்தியிருந்த எண்ணெயை மேல்கோட்டால் துடைத்தார். புத்தகத்தை எடுத்துவந்து, நாற்பத்தாறாம் பக்கத்தைப் பிரித்து, அந்தப் பக்கம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து வைத்தார். மூலைக்குப் போய் இரும்புச் சுருளை இரண்டு கையாலும் அள்ளி வந்தார். புத்தகத்தின்மேல் போட்டார். மறுபடி போய் அள்ளிவந்தார். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. அட்டை தெரியாதபடி நாலு பக்கமும் நெருக்கமாக அடுக்கினார். நாய் வாய் வைக்க முடியாதபடி.

"இன்னாமே பண்ற? எம்மா நேரம்?" என்று சந்திரம்மாள் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றார். பிறகு அவர்தான், "சூப்பர்வைசர் வர்றாருமே, வந்துடு," என்றார்.

கோவிந்தம்மா காலி டிராலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கைகளை மேல்கோட்டுப் பையில் விட்டுக்கொண்டார். நான் சந்திரம்மாளிடம் கையெழுத்து வாங்கினேன். பொருள் ஒப்படைக்கப்பட்டது என்று எழுதினேன்.

இரும்புக் கதவு சாத்தப்பட்டது. சந்திரம்மாள் பூட்டைப் போட்டு, வழக்கம்போல் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். கோவிந்தம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பூட்டு நன்றாகவே விழுந்திருந்தது.